சமூக மறுசுழற்சி முயற்சிக்கு எப்படித் துணைநிற்பது? நன்கொடை, இயந்திரம், கடன், கட்டணம்: ஓர் ஒப்பீடு

குடியிருப்போர் நலச் சங்கங்கள், பழைய மாணவர் மன்றங்கள், ஊர்ச் சங்கங்கள், சிறிய குடும்ப அறக்கட்டளைகள் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்கள் அண்மைக்காலமாக ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். தங்கள் பகுதியில் சில பெண்கள் சேர்ந்து மட்கும் குப்பையை உரமாக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அல்லது விசேஷங்களுக்கு எவர்சில்வர் தட்டுகளை வாடகைக்கு விடும் பாத்திர வங்கி ஒன்றை அமைக்க நினைக்கிறார்கள், அல்லது பழுதான மிக்சியையும் மின்விசிறியையும் குப்பைக்குப் போகவிடாமல் சரிசெய்து தரும் மையம் ஒன்றை நடத்த விரும்புகிறார்கள். உதவ நினைப்பவர்களின் கையில் இரண்டு மூன்று இலட்சம் ரூபாய் இருக்கிறது. அதை எந்த வடிவில் கொடுத்தால் அந்த முயற்சி காலூன்றும் என்பதே கேள்வி.

பதிவு பெறாத, அல்லது பதிவு பெற்று ஓரிரு ஆண்டுகளே ஆன, மாத வரவு இன்னும் நிலைப்படாத முயற்சிகளையே இங்கே தொடக்க நிலை முயற்சிகள் என்று கொள்கிறேன். இவற்றுக்கு உதவுவோரில் பெரும்பாலோர் முதலில் இயந்திரம் வாங்கிக் கொடுக்கிறார்கள். அது கடைசியாகக் கொடுக்க வேண்டியது என்பதும், வீடுகளும் கடைகளும் மாதந்தோறும் தரும் கட்டணத்தை உறுதிப்படுத்துவதுதான் முதலில் செய்ய வேண்டியது என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களைப் பார்க்கலாம்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது கூலியைப் பற்றி. குப்பையைத் தரம் பிரிப்பது, குவியலைப் புரட்டுவது, தட்டுகளைக் கழுவி அடுக்குவது என இத்தொழில்கள் எல்லாமே கை வேலையைச் சார்ந்தவை. ஆகவே நீங்கள் தரும் உதவி அடுத்த மாதக் கூலியைத் தாங்குமா என்று பாருங்கள். அடுத்ததாக, உங்கள் உதவி நின்ற பிறகும் தொடரக்கூடிய ஒரு வரவை அது உருவாக்குகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, முயற்சி தோற்றால் இழப்பு யார் தலையில் விழும் என்பது. பத்தாயிரம் ரூபாய் நட்டம் ஒரு அறக்கட்டளைக்குக் கணக்கேட்டில் ஒரு வரி, கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கோ அது ஓராண்டுக் கடன். நான்காவது, அந்தக் குழுவால் அப்பணத்தைச் சட்டப்படி பெற முடியுமா என்பது. கடைசியாக, என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை வேலை செய்பவர்களிடம் இருக்கிறதா, பணம் கொடுத்தவரிடம் போய்விடுகிறதா என்பது.

## நிபந்தனை குறைந்த நன்கொடை

இன்ன பொருளுக்குத்தான் செலவிட வேண்டும் என்று கட்டாமல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுச் செலவுக்காகத் தரும் பணத்தை இவ்வாறு சொல்கிறேன். கூலியைத் தாங்குகிறதா என்ற கேள்விக்கு இதைப் போல நேராக விடை தரும் வழி வேறு இல்லை. முதல் ஆறு மாதங்களில் ஒவ்வொரு குழுவும் எதையாவது தவறாகச் செய்து திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தத் திருத்தத்துக்கு இடம் கொடுப்பது இவ்வகைப் பணம்தான். முயற்சி தோற்றால் இழப்பும் கொடுத்தவரோடு முடிந்துவிடுகிறது.

இதன் மறைமுகச் செலவு சட்டத்தில் இருக்கிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைப் பெற்றுத் தருகிறோம் என்று நல்லெண்ணத்தோடு புறப்படுகிறவர்கள் பாதியில் நின்றுபோவது இங்கேதான். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135இன் கீழ் வரும் இந்நிதியை வெளி அமைப்பு ஒன்று பெற வேண்டுமானால், அது பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ இலாப நோக்கற்ற ‘பிரிவு 8’ நிறுவனமாகவோ இருக்க வேண்டும். 12ஏ, 80ஜி என்று அறியப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவுகள் வேண்டும். ஒத்த பணியில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் காட்ட வேண்டும். தொடங்கி எட்டு மாதமே ஆன குழு எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும் இந்த வாசலைத் தாண்டாது. வெளிநாட்டுப் பணத்துக்கான வாசல் இன்னும் குறுகலானது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி முழுப் பதிவு பெற, அமைப்பு மூன்றாண்டு செயல்பட்டிருப்பதோடு அந்தக் காலத்தில் தன் நோக்கங்களுக்காகக் குறைந்தது 15 இலட்சம் ரூபாய் செலவழித்தும் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அவ்வாறு பணம் பெற்ற பெரிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கொள்ளப்படுவதில்லை. குடியுரிமையை மாற்றிக்கொண்டவர் அனுப்பினால் கொள்ளப்படும். கனடாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஊர்ச் சங்கங்கள் பணம் திரட்டத் தொடங்கும் முன்பே இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே தொடக்க நிலையில் நன்கொடை என்பது நடைமுறையில் உள்ளூர் மனிதர்களின் பணம்தான். அருகில் உள்ள பழைய, நம்பகமான அறக்கட்டளை ஒன்று தாய் அமைப்பாக இருந்து, இந்தப் பணியைத் தன் பணியாகவே ஏற்று, உள்நாட்டு நிதியைப் பெற்று நடத்தலாம். ஆனால் அதற்கு நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கு போகும். ஆண்டறிக்கையில் பெயரும் அதனுடையதாகவே இருக்கும். இவ்விரண்டையும் முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளாத இடங்களில் மனக்கசப்பு நிச்சயம்.

## இயந்திரமும் இடமும்

இயந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம், தணிக்கையில் ரசீது காட்டலாம். கொடுப்பவருக்கு இத்தனை வசதிகள் இருப்பதனால்தான் பெறுபவரின் தேவை பின்னுக்குப் போகிறது.

உரக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் கழிவில் நைட்ரஜன் அதிகம். காய்ந்த சருகு, மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றில் கார்பன் அதிகம். கலவையில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் முப்பது பங்கு என்ற அளவை ஒட்டி இருந்தால் குவியல் தானே சூடேறும். நடுப்பகுதி 55 பாகைக்கு மேல் போகும். மண்வெட்டியால் புரட்டும்போது ஆவி எழும், உள்ளே கையை வைக்க முடியாது, நாற்றம் இருக்காது. சருகு குறைந்தால் கலவை சொதசொதவென்று ஆகிக் காற்று போக வழியின்றி அழுகத் தொடங்கும். நம் ஊரில் சருகு கொட்டுவது மாசி, பங்குனியில். அது மிகவும் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். வெயில் காலத்தில் சேர்த்த சருகை நனையாமல் வைக்க இடம் இல்லாத உரக்கூடம் முதல் அடைமழையிலேயே நாறும், அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள், கூடம் மூடப்படும். அந்தக் கூடத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு தகரக் கொட்டகையும் பத்துப் பதினைந்து சாக்குகளும். கிடைத்ததோ, மும்முனை மின் இணைப்பு கேட்கும் அரைவை இயந்திரம்.

இணைப்பு வாங்குவது யார் பெயரில், மின்கட்டணம் எந்தப் பிரிவில், கத்தி மழுங்கினால் தீட்டுவது யார், பழுதானால் ஆள் எந்த ஊரிலிருந்து வர வேண்டும் என்ற நான்கும் இயந்திரத்தோடு சேர்ந்து வரும் செலவுகள்; விலைப்பட்டியலில் இவை இருப்பதில்லை. இயந்திரம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் மூன்றாண்டுப் பராமரிப்புத் தொகையையும் சேர்த்தே ஒதுக்குங்கள். அதற்குப் பணம் போதாதென்றால் சிறிய இயந்திரத்தை வாங்குங்கள்.

இடத்தின் கதை வேறு. பயன்படாத ஒரு அறை, மண்டபத்தின் பின்கட்டு, அடுக்குமாடியின் ஒரு மூலை ஆகியவற்றை ஐந்தாண்டுக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுப்பது மிகப்பெரிய உதவி. நகரங்களில் பல முயற்சிகளுக்கு வாடகைதான் கழுத்தை இறுக்குகிறது. வாய்மொழியாகக் கொடுத்து, சங்கத் தேர்தலில் நிர்வாகம் மாறியதும் காலிசெய்யச் சொல்வது, கொடுக்காமலே இருப்பதைவிடக் கெடுதல்.

## வட்டியில்லாக் கடன்

கடன் என்ற சொல்லைக் கேட்டாலே பலர் தயங்குகிறார்கள். ஆனால் நம் ஊர்ப் பெண்களுக்குக் கடன் ஒழுங்கு புதிதன்று; நபார்டு வங்கி 1992இல் தொடங்கிய சுயஉதவிக்குழு வங்கி இணைப்பு அதற்கு மிகப்பெரிய சான்று. ஒருவர் திருப்பியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதால் மூன்று இலட்சம் ரூபாய் சில ஆண்டுகளில் மூன்று நான்கு முயற்சிகளைத் தொடும். வாங்கும் குழுவும் தான் யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை என்ற நிமிர்வோடு நடத்தும்.

முதல் மாதத்திலிருந்தே காசு வரக்கூடிய தொழிலுக்கு மட்டுமே இது பொருந்தும். துணிப்பை தைப்பது, பழைய தாள், அட்டை வாங்கி விற்பது, பாத்திர வங்கி ஆகியவை அவ்வகை. விசேஷங்களுக்கு அண்டா, குண்டான், கரண்டிகளை ஊர்ப் பொதுவில் வைத்துக் கொடுத்து வாங்கும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு; பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பதே அது திரும்பி வர வேண்டும் என்பதற்குத்தான். 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்த பிறகு, பந்தியில் நெகிழித் தம்ளருக்கு மாற்று தேடுபவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆக, வாடிக்கையாளரைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் சிக்கல் தவணையில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தையிலும் ஆவணியிலும் ஒரே நாளில் மூன்று வீடுகளிலிருந்து கேட்பார்கள். மாதாமாதம் சமத் தவணை என்று வைத்தால் ஆடித் தவணையைக் கட்ட அந்தப் பெண்கள் கந்துவட்டிக்காரரிடம் போக நேரும். முகூர்த்த மாதங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் பெயரளவுக்கும் கட்டும்படி தவணையை அமையுங்கள். இன்னொன்று, தொலைந்துபோகும் தட்டுகளும் கழுவும் கூலியும் தண்ணீரும். திருப்பித் தந்தால் மட்டும் திரும்பக் கிடைக்கும் முன்பணம் ஒன்றை வாங்கி வைப்பது இதற்கு நல்ல மருந்து. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைத் தரத் தொடங்கின. மலைக்காட்டில் உடைந்த கண்ணாடியைக் குறைத்ததே இந்தப் பத்து ரூபாயின் வேலை. தட்டுக்கும் அதே வழி செல்லும்.

உரக்கூடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

## மாதக் கட்டணமும் உறுதியான கொள்முதலும்

உரம் விற்று உரக்கூடம் நடத்தலாம் என்பது இத்துறையில் மிகப் பரவலான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 வீடுகள், வீட்டுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ ஈரக்கழிவு என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 100 கிலோ, மாதத்துக்கு மூன்று டன். மட்கி, சலித்து எடுத்த பிறகு நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது 600 முதல் 750 கிலோ. கிலோ பத்து ரூபாய் என்று ஒன்றுவிடாமல் விற்றால்கூட 6,000 முதல் 7,500 ரூபாய். இதில் ஒருவருக்குக்கூட முழு மாதக் கூலி கொடுக்க முடியாது. அதே 200 வீடுகளும் மாதம் நூறு ரூபாய் கட்டணம் கொடுத்தால் 20,000 ரூபாய். இரண்டு பேர் கௌரவமாக வேலை செய்யலாம், உர விற்பனை உபரி வரவு. உரக்கூடம் உண்மையில் விற்பது உரத்தை இல்லை, குப்பையை வீட்டிலிருந்து எடுத்துச்சென்று தீங்கில்லாமல் முடிக்கும் பணியை. அந்தப் பணிக்கு விலை உண்டு என்று வீடுகள் ஏற்றுக்கொள்ளச் செய்வதே ஆதரவாளர் செய்யக்கூடிய மிக உயர்ந்த உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது கற்பனை இல்லை. புணேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993இல் சங்கமாகத் திரண்டு, பின்னர் அவர்களே உறுப்பினர்களான ‘ஸ்வச்’ கூட்டுறவை உருவாக்கி, 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வீடுகள் கொடுக்கும் மாதக் கட்டணமும் உலர்கழிவை விற்று வரும் பணமும் வேலை செய்பவர் கைக்கே போகின்றன. நிர்வாகச் செலவுக்கு மாநகராட்சி துணைநின்றது. கேரளத்தில் அரசின் பெண்கள் குழு அமைப்பான குடும்பஸ்ரீயோடு இணைந்த ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுதோறும் உலர்கழிவை வாங்கிக்கொண்டு பயனாளர் கட்டணம் பெறுகிறார்கள். தொடக்கத்தில் தர மறுத்த வீடுகள் நிறைய இருந்தன, உள்ளாட்சியும் அரசும் அக்கட்டணத்துக்குப் பின்னால் உறுதியாக நின்றதால்தான் அது நிலைத்தது. இரண்டு இடங்களிலும் வேலை செய்பவர்கள் தனியாக வீட்டுக் கதவைத் தட்டிக் காசு கேட்கும் நிலையில் விடப்படவில்லை.

குடியிருப்போர் நலச் சங்கத்தால் இதைச் சிறிய அளவில் செய்ய முடியும். பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்துச் சங்கமே வசூலித்து, மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் குழுவின் கணக்கில் போட்டுவிட வேண்டும். நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் பெரிய வளாகங்கள் தம் ஈரக்கழிவைத் தாமே கையாள வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது. ஆகவே இது தருமமாகச் செய்யும் காரியம் இல்லை, தம் கடமையைக் கூலி கொடுத்துச் செய்விப்பது.

பொருள் விற்கும் முயற்சிகளுக்கு இதே பங்கை உறுதியான கொள்முதல் வகிக்கிறது. ஒரு பள்ளியோ ஜவுளிக்கடையோ ஓராண்டுக்கு மாதம் இத்தனை துணிப்பை வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளைக் காட்டியே குழு துணி கடனுக்கு வாங்கும்.

குறைகளும் உண்டு. பணம் உடனே வருவதில்லை. முதல் மாதக் கூலிக்கு வேறு வழி வேண்டும். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தால் அவர் நிறுத்திய நாளில் எல்லாம் நின்றுபோகும். பெரிய வாங்குபவர்கள் பட்டியலை மூன்று மாதம் கிடப்பில் போடுவது வழக்கம். துணிப்பை போன்றவற்றைத் தயாரிக்கும் குழு, மத்திய அரசின் சிறுதொழில் பதிவுத் தளமான உத்யமில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்டால், வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு கிடைக்கும். உலர்கழிவு வணிகத்தில் விலை வாரந்தோறும் ஏறி இறங்கும். நெகிழிக் கழிவின் மீதான ஜிஎஸ்டி 2021 அக்டோபரில் 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. சிப்ஸ் உறை போன்ற பல அடுக்கு உறைகளைக் காயலான் கடையில் யாரும் வாங்குவதே இல்லை. ஆகவே அங்கே விற்பனை விலையை மட்டும் நம்பாமல், எடுத்துச்செல்வதற்கான கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

## ஆள்துணை

கணக்கு எழுதவும், வங்கிக் கணக்கு தொடங்கவும், உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு எழுதவும் மாதம் இரண்டு மாலைகளைக் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியர் பல முயற்சிகளுக்குப் பணத்தைவிடப் பெரிய பலம். தனியாக இது போதாது. மற்ற எதனோடும் சேர்க்கலாம். உதவ வந்தவரே நாளடைவில் குழுவின் முடிவுகளை எடுக்கத் தொடங்குவதுதான் இதன் ஆபத்து.

## ஒரு பார்வையில்

| வழி | கூலியைத் தாங்குமா | நிலையான வரவு தருமா | தோற்றால் இழப்பு | மறைமுகச் செலவு | முடிவெடுப்பவர் |
|---|---|---|---|---|---|
| நன்கொடை | ஆம், குறித்த காலம் வரை | தானாகத் தராது | கொடுத்தவருக்கு | பதிவுகள், தாய் அமைப்பின் பங்கு | பெரும்பாலும் குழு |
| இயந்திரம் | இல்லை | அரிதாக | இருவருக்கும் | மின்சாரம், பழுது, பராமரிப்பு | கொடுத்தவர் |
| இடம் | மறைமுகமாக, வாடகை மிச்சம் | இல்லை | சிறிது | நிர்வாகம் மாறினால் வெளியேற்றம் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது |
| கடன் | குறுகிய காலம் | முன்பே வரவு உள்ள தொழிலில் மட்டும் | குழுவுக்கு | பருவத்துக்கு ஒவ்வாத தவணை | குழு |
| கட்டணம், கொள்முதல் | ஆம், ஓரிரு மாதம் கழித்து | ஆம் | பகிர்ந்துகொள்ளப்படும் | ஒரே வாடிக்கையாளர், தாமதப் பணம் | குழுவும் வாடிக்கையாளரும் |
| ஆள்துணை | இல்லை | மறைமுகமாக | இல்லை | சார்பு உருவாதல் | கவனம் தேவை |

## எந்த முயற்சிக்கு எது

உரக்கூடத்துக்கும் உலர்கழிவுச் சேகரிப்புக்கும் முதலில் கட்டண ஒப்பந்தம். அது பழக்கமாகும் வரை ஆறு முதல் ஒன்பது மாதக் கூலிக்கு நன்கொடை. கொட்டகை, கையுறை, சல்லடை போன்ற எளிய பொருட்கள். ஓராண்டு கழித்து, வேலை செய்யும் பெண்களே அரைவை இயந்திரம் வேண்டும் என்று கேட்டால் அப்போது வாங்கலாம். பாத்திர வங்கிக்கும் தையலுக்கும் கடன் பொருந்தும். குழு மிகவும் வறியதாக இருந்தால் பாதி நன்கொடை, பாதி கடன்.

பழுதுநீக்கும் மையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிய பழுதுநீக்கும் கூடம், தன்னார்வலர்கள் இலவசமாகச் சரிசெய்து தரும் முறையில் பல நாடுகளுக்குப் பரவியது. பழுது பார்ப்பவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிதாகிவிட்ட நாடுகளுக்கு அது ஏற்றது. நம் கடைத்தெருவில் மிக்சி பழுது பார்ப்பவர், குடை தைப்பவர், செருப்பு தைப்பவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பே அதுதான். மாதம் ஒரு ஞாயிறு இலவச முகாம் நடத்தினால் அந்த ஞாயிறும் அடுத்த சில நாட்களும் அவர்களுக்கு வேலை குறையும். அவர்களையே அழைத்து, நாள் ஊதியம் கொடுத்து உட்கார வைத்து, இளையவர் இருவரை அருகில் அமர்த்திக் கற்றுக்கொள்ளச் செய்வதற்கு உங்கள் நன்கொடை போகட்டும். உதிரிபாகத்தின் விலையைப் பொருளைக் கொண்டுவருபவர் தரட்டும். பழைய கணினி, தொலைக்காட்சி போன்றவற்றைப் பிரித்து உலோகம் எடுக்கும் வேலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அங்கே அனுமதிக்க வேண்டாம்; மின்னணுக் கழிவை அவ்வாறு கையாளப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே உரிமை உண்டு, அதில் உள்ள ஈயமும் பாதரசமும் வெறுங்கையால் தொடத் தக்கவையும் அல்ல.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் தமிழில் எழுதி, வேலை செய்யும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் கையெழுத்திடுங்கள். பணம் எந்தத் தேதியில் எந்தத் தவணையில் வரும், கட்டணம் தராத வீட்டை யார் அணுகுவது, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, முயற்சி நின்றுபோனால் கொட்டகையும் தட்டுகளும் இயந்திரமும் யாருக்குச் சேரும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடையாக, அதே தொழில் செய்யும் இன்னொரு குழுவுக்குப் போய்ச் சேரும் என்று எழுதிவிட்டால், பொருட்கள் பூட்டிய அறையில் துருப்பிடிக்காமல் வேறோர் ஊரில் வேலை செய்யும்.